கானாவுக்கு ஆடுகிறார்கள், கானா பாடுகிறவரை உள்ளே விடுவதில்லை. பாட்டால் மனசு மாறுமா?

கேள்வி: நித்யா, பெரம்பூர்

போன பொங்கலுக்கு எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் கானா கச்சேரி வைத்தார்கள். வியாசர்பாடியிலிருந்து வந்த குழு. பாடுகிறவர், டோலக், கீபோர்டு, ரிதம் பேட் வாசிக்க ஒரு சின்னப் பையன். முதல் பாட்டிலேயே கூட்டம் எழுந்துவிட்டது. சங்கத்துப் பொருளாளர் ஒருவர் இருக்கிறார், குழந்தைகள் கீழே சைக்கிள் ஓட்டினாலே கத்துவார். அவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினார்.

இடைவேளையில் டோலக் வாசித்தவர் பாத்ரூம் எங்கே என்று கேட்டார். மேடைக்குப் பின்னாலேயே கிளப் ஹவுஸ், அங்கேயே பாத்ரூம். ஆனால் அவரைக் காம்பவுண்டு கோடியில் இருக்கும் வாட்ச்மேன் ரூமுக்கு அனுப்பினார்கள். சாப்பாடும் அப்படித்தான். எங்களுக்கு ஹாலில் இலை, அவர்களுக்கு கேட்டருகே பார்சல். ஏன் என்று கேட்டேன். "அவங்களுக்கு அதுதான்மா வசதி" என்றார் செயலாளர்.

மறுநாள் வாட்ஸப் குழுவில் கச்சேரி வீடியோ, அதற்கு ஏகப்பட்ட இதயங்கள். நாலு மெசேஜ் தள்ளி, வீட்டை வாடகைக்கு விடும்போது எந்த ஏரியா ஆட்கள் என்று விசாரித்து விடுங்கள் என்று ஒருவர் போட்டிருந்தார். அதற்கும் அதே ஆட்கள் கட்டைவிரல் தூக்கியிருந்தார்கள்.

நியூஜெர்சியில் இருக்கும் என் பெரியப்பா மகனிடம் புலம்பினேன். "அமெரிக்காவிலேயே கறுப்பர் மேல இருந்த வெறுப்பை ஜாஸ், மோட்டவுன், ராப் எல்லாம் சேர்ந்துதான் கரைச்சுது. இங்கேயும் நடக்கும், பொறுமையா இரு" என்றான். எனக்கென்னவோ நம்பிக்கை வரவில்லை. உண்மையிலேயே பாட்டைக் கேட்டு யாருக்காவது இன வெறுப்போ சாதி வெறுப்போ குறைந்திருக்கிறதா? குறைந்தது என்றால் எப்படிக் குறைந்தது? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: கார்த்திக்

இசைக்கு சாதி, மதம், மொழி எதுவும் கிடையாது மேடம். நீங்கள் ஒரு சின்ன விஷயத்தைப் பெரிதாக்குகிறீர்கள். உங்கள் பொருளாளர் கானாவுக்கு ஆடினாரே, முப்பது வருஷத்துக்கு முன்னால் அந்த மாதிரி ஆள் ஆடியிருப்பாரா? அதுவே மாற்றம்தான்.

பதில்: ட்ரம்பெட் தாத்தா, புளியந்தோப்பு

(பேர் பேத்தி வைத்தது. நான் பேண்டு செட்டில் ட்ரம்பெட் வாசிக்கிறவன். இப்போது பல் ஆடுவதால் வாசிப்பது குறைவு, பேச்சு அதிகம்.)

நித்யாம்மா, கார்த்திக் தம்பி சொன்ன வாக்கியத்தை நான் எத்தனையோ கல்யாண மேடையில் கேட்டிருக்கிறேன். மைக்கில் அதைச் சொல்லிக் கைத்தட்டல் வாங்கிக்கொண்டு கீழே இறங்கி, "பேண்டுக்காரங்க எல்லாம் பின்பக்கம் போயிடுங்கப்பா" என்று சொன்னவர்களும் அதே ஆட்கள்தான். அதனால் அமெரிக்காவிலிருந்தே ஆரம்பிக்கிறேன். எனக்கு ட்ரம்பெட் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த ஆங்கிலோ இந்தியர். பாடத்தை விட ஜாஸ்காரர்கள் கதைதான் அதிகம் சொல்வார். வயசான பிறகு நானும் தேடிப் படித்து வைத்திருக்கிறேன்.

1955 அக்டோபர், டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரம். பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு, ட்ரம்பெட்டில் டிஸ்ஸி கில்லெஸ்பி, சாக்ஸபோனில் இல்லினாய் ஜாக்கே. கச்சேரியை நடத்தியவர் நார்மன் கிரான்ஸ் என்ற வெள்ளைக்காரர். அந்த ஊரில் வெள்ளையருக்கு ஒரு பக்கம், கறுப்பருக்கு ஒரு பக்கம் என்று நாற்காலி போடுவது வழக்கம். கிரான்ஸ் தன் ஒப்பந்தத்திலேயே அதெல்லாம் கூடாது என்று எழுதி வாங்குகிறவர். அன்றைக்கு ஹாலுக்குள் போனதும் பாத்ரூம் கதவுகளில் இருந்த "வெள்ளையர்", "நீக்ரோ" பலகைகளைக் கழற்றிப் போட்டார். உன் கேள்வியைப் படித்ததும் முதலில் ஞாபகம் வந்தது அந்தப் பலகைதான்.

முதல் ஆட்டம் முடிந்து இடைவேளை. மஃப்டி போலீஸ் மேக்கப் ரூமுக்குள் நுழைந்தது. ஓர் ஓரத்தில் டிஸ்ஸியும் ஜாக்கேயும் தாயம் உருட்டிக்கொண்டிருந்தார்கள். ஃபிட்ஸ்ஜெரால்டு காப்பி குடித்துக்கொண்டு பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சூதாட்டம் என்று சொல்லி எல்லாரையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள், கிரான்ஸையும் சேர்த்து. தலைக்குப் பத்து டாலர் ஜாமீன். இதில் கூத்து என்னவென்றால், ஸ்டேஷனுக்குப் போனதும் போலீஸ்காரர்கள் ஃபிட்ஸ்ஜெரால்டிடமே ஆட்டோகிராஃப் கேட்டார்கள். பின்னாளில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். அவர் பாட்டு அவர்களுக்கு உயிர். அவரைப் பிடித்து உள்ளே உட்கார வைப்பதிலும் அவர்களுக்கு ஒரு கூச்சமும் இல்லை.

அந்தப் போலீஸ்காரரும் உங்கள் பொருளாளரும் ஒரே ஆள்தான். பாட்டைப் பிடித்துப்போவதற்கு மனசு மாறவே தேவையில்லை. அமெரிக்காவில் 1830களிலிருந்து வெள்ளைக்காரர்கள் தக்கையைச் சுட்டுக் கரியாக்கி முகத்தில் பூசிக்கொண்டு, கறுப்பர் பாட்டையும் ஆட்டத்தையும் மேடையில் காப்பியடித்துக் கேலி பண்ணினார்கள். நூறு வருஷத்துக்கு நாடு பூராவும் அதற்கு டிக்கெட் வாங்கிப் பார்த்தது. கேட்டுக்கேட்டு மனசு கரையும் என்றால் அப்போதே கரைந்திருக்கும்.

கிட்டத்து உதாரணம் வேண்டுமா? எரிக் கிளாப்டன், இங்கிலாந்து வெள்ளைக்காரர். கிடார் வாசிப்பதே கறுப்பர்களின் புளூஸ் இசையைக் கேட்டுக் கற்றுக்கொண்டு. 1974இல் ஜமைக்காக் கறுப்பர் பாப் மார்லியின் பாட்டு ஒன்றைப் பாடி அமெரிக்காவில் முதல் இடத்துக்கு வந்தார். இரண்டே வருஷம், 1976 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பர்மிங்காம் மேடையில் குடிபோதையில் நின்றுகொண்டு, வெளிநாட்டார் எல்லாரையும் துரத்துங்கள் என்று பேசினார். (ரொம்ப வருஷம் கழித்து வெட்கப்படுகிறேன் என்று சொன்னார், அது வேறு கதை.) அவர் காதில் பாப் மார்லி விழாத நாள் உண்டா?

ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டுக் கொதித்த சிலர் சேர்ந்து "இனவெறிக்கு எதிராக ராக்" என்று ஓர் இயக்கம் ஆரம்பித்தார்கள். அவர்கள் செய்த கெட்டிக்காரத்தனம், வெள்ளைக்காரப் பங்க் குழுவையும் கறுப்பர்களின் ரெகே குழுவையும் ஒரே மேடையில் ஏற்றியது. 1978 ஏப்ரல் 30 அன்று லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து விக்டோரியா பார்க் வரைக்கும் பல்லாயிரம் பேர் நடந்து போய் கிளாஷ் என்ற பங்க் குழுவையும் ஸ்டீல் பல்ஸ் என்ற ரெகே குழுவையும் ஒரே நாளில் கேட்டார்கள். இங்கே பாட்டு வேலை செய்தது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பாட்டு தனியாகச் செய்யவில்லை. யார் யாரோடு மேடையில் நிற்பது, கூட்டம் எப்படிக் கலந்து நிற்பது என்று யாரோ உட்கார்ந்து முடிவு பண்ணியிருக்கிறார்கள்.

எங்கள் மாஸ்டருக்குக் கடவுள் மாதிரி பென்னி குட்மேன், வெள்ளைக்காரக் கிளாரினெட்காரர். அவர் பியானோவுக்கு டெடி வில்சன், வைப்ரபோனுக்கு லயனல் ஹாம்ப்டன் என்று இரண்டு கறுப்பர்களைக் குழுவில் வைத்துக்கொண்டார். 1938 ஜனவரி 16இல் நியூயார்க் கார்னகி ஹாலில் அவர்களோடு வாசித்தார். பேஸ்பால் விளையாட்டில் ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பரை உள்ளே விட்டது 1947இல்தான். பீட்டில்ஸ் 1964இல் ஃபுளோரிடாவில் ஜாக்சன்வில்லில், கூட்டத்தைப் பிரித்து உட்கார வைத்தால் வாசிக்க மாட்டோம் என்றார்கள். பிரிக்காமல்தான் நடந்தது. நடுவிலே 1956இல் அலபாமா மாநிலத்து பர்மிங்காமில் நேட் கிங் கோல் என்ற கறுப்பர் பாடகர் வெள்ளைக்காரக் கூட்டத்துக்குப் பாடிக்கொண்டிருந்தபோது சிலர் மேடையேறி அவரைக் கீழே தள்ளி அடித்ததும் நடந்திருக்கிறது. அத்தனை இனிமையான குரல். அந்தக் குரலால் அவர்களைத் தடுக்க முடிந்ததா?

அமெரிக்கா போதும், நம்ம பேட்டைக்கு வருகிறேன்.

எங்கள் செட்டில் புளியந்தோப்பு, வியாசர்பாடி பையன்கள்தான் அதிகம். மாஸ்டர் சொன்னார் என்று ஒருத்தன் வந்து சேர்ந்தான். வேற சாதி, வீடு வசதியான வீடு, நல்ல வாசிப்பு. தன் மவுத்பீஸைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவருவான். அதில் தப்பே இல்லை, எவன் வாயில் வைத்ததை எவன் வைப்பான்? ஆனால் மாஸ்டர் வீட்டில் தண்ணி குடிப்பான், எங்கள் சொம்பில் குடிக்க மாட்டான். வெயிலில் மூணு தெரு நடந்து வாசித்துவிட்டு வந்தாலும் கடையில் சோடா வாங்கித்தான் குடிப்பான். நாங்களும் கேட்கவில்லை. கேட்டால் போய்விடுவான், ரெண்டாவது ட்ரம்பெட்டுக்கு அவன் மாதிரி ஆள் கிடையாது.

ரெண்டு ட்ரம்பெட் சேர்ந்து நீளமான ஒரு சுரத்தைப் பிடிக்கும்போது ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு இழுத்தால் பாட்டு நடுவில் ஓட்டை விழும். அவன் இழுக்கும்போது நான் ஊதணும், நான் இழுக்கும்போது அவன். தோள் ஏறி இறங்குவதைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டே வாசிக்கணும். நாலைந்து சீசன் அப்படி வாசித்தால், அவன் எப்போது தும்முவான் என்பது வரைக்கும் தெரிந்துவிடும்.

சவுகார்பேட்டையில் ஒரு மார்வாடி மாப்பிள்ளை ஊர்வலம். குதிரை வந்தாச்சு, லைட்டுக்காரர்கள் தலையில் விளக்கோடு நிற்கிறார்கள், அவனுடைய ட்ரம்பெட்டில் விரலால் அழுத்துகிற நடு வால்வு இறங்கின இடத்தில் சிக்கிக்கொண்டது. எங்கள் செட்டில் இன்னொரு பையன் அன்றைக்குக் காய்ச்சலோடு வந்திருந்தான். அந்தக் காய்ச்சல்காரனுடைய ட்ரம்பெட்டை மவுத்பீஸோடு இவன் வாங்கி, சட்டையில் ஒரு தேய்ப்பு தேய்த்துவிட்டு, ராத்திரி பதினோரு மணி வரைக்கும் வாசித்தான். சட்டையில் துடைத்தானே, அது எச்சிலுக்கு. வேறு எதற்காகவோ என்று என்னால் நினைக்க முடியவில்லை. அதற்கப்புறம் சொம்புப் பிரச்சினை போய்விட்டது. யாரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

அவன் மாறினானா என்று கேட்டால், எங்களோடு மாறினான். வருஷக்கணக்காக என் வீட்டில் மீன்குழம்பு சாப்பிட்டிருக்கிறான். அவன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வரவில்லை. ரிசப்ஷனில் வாசிக்கக் கூப்பிட்டான், பேமெண்டு முழுசாகக் கொடுத்தான். அவனைத் திட்டுவதா வேண்டாமா என்று இன்றைக்கும் எங்களுக்குள் சண்டை.

அதனால்தான் சொல்கிறேன் நித்யாம்மா, கேட்பதால் ஒண்ணும் பெரிசாக ஆகாது. கூட வாசித்தால், கூட வாசிக்கிற ஆளோடு ஆகும். வீட்டுக்கும் தெருவுக்கும் சங்கத்துக்கும் அது தானாகப் பரவாது. அங்கே கிரான்ஸ் மாதிரி யாராவது பலகையைக் கழற்றணும். அடுத்த தடவை கச்சேரி வைத்தால் அட்வான்ஸ் கொடுக்கும்போதே பேப்பரில் எழுது: உடை மாற்ற ரூம், கிளப் ஹவுஸ் பாத்ரூம், ஹாலில் பந்தியோடு சாப்பாடு. உங்கள் செயலாளர் அன்பாகத்தான் இருக்கிறார், எழுதினால் மறுக்க முடியாது.

பதில்: ஷர்மிளா டீச்சர், பழைய வண்ணாரப்பேட்டை

தாத்தா சொன்னதில் முக்கால்வாசிக்கு நானும் கை தூக்குகிறேன். "கேட்பதால் ஒண்ணும் ஆகாது" என்பதில் மட்டும் கொஞ்சம் இடிக்கிறது, பெரியவர்களை வைத்துச் சொல்கிறார். நான் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைப் பார்க்கிறவள்.

போர்ச்சுகலில் லிஸ்பன் பக்கத்துப் பள்ளிகளில் ஃபெலிக்ஸ் நெட்டோ என்ற உளவியல் பேராசிரியரும் கூட இருந்தவர்களும் ஒரு சோதனை செய்து 2016இல் வெளியிட்டார்கள். ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு வழக்கமான பாட்டு வகுப்பு. இன்னொரு பகுதிக்கு ஆறு மாதம் போர்ச்சுகல் பாட்டோடு கேப் வெர்டே பாட்டும். கேப் வெர்டே என்பது போர்ச்சுகலின் பழைய காலனி, ஆப்பிரிக்கத் தீவுகள், அங்கிருந்து வந்தவர்கள் லிஸ்பனில் நிறைய. கறுத்த தோல்காரர்களைப் பற்றிய தப்பெண்ணம் இரண்டாவது பகுதியில் குறைந்தது. இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தபோதும் அது நின்றிருந்தது. அரை வருஷப் பாட்டு வகுப்புக்கு இது பெரிய விஷயம்.

மறுபக்கமும் சொல்லிவிடுகிறேன். ஆக்ஸ்போர்டில் 2017இல் இந்தியப் பாட்டு, மேற்கு ஆப்பிரிக்கப் பாட்டு என்று ஒவ்வொருவருக்கும் ஒன்றைப் போட்டுவிட்டு, அந்த மக்கள் மேல் ஒட்டுதல் கூடுகிறதா என்று பார்த்தார்கள். கூடியது, ஆனால் பிறர் வலியைத் தன் வலியாக எடுத்துக்கொள்ளும் குணம் ஏற்கெனவே அதிகமாக இருந்தவர்களுக்குத்தான். உங்கள் பொருளாளர் அதில் எந்தப் பக்கம் என்று நான் சொல்ல மாட்டேன்.

என் வகுப்பில் பீகார் பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். அப்பாக்கள் மணலி, எண்ணூர் பக்கம் வேலை. மற்ற பிள்ளைகள் அவர்களை "வடக்கன்" என்றுதான் கூப்பிடும், சில சமயம் அதோடு ஒரு பான்பராக் ஜோக்கும் வரும். வீட்டில் கேட்டதைத்தானே பேசும்? 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத்தவரை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவியபோது இந்தப் பிள்ளைகளில் சிலர் பள்ளிக்கூடமே வரவில்லை. அம்மாக்கள் அனுப்பவில்லை.

அதில் ஒரு பையன் நன்றாகப் பாடுவான். சட் பூஜைக்கு அவன் அம்மா பாடும் போஜ்புரிப் பாட்டு ஒன்றை ஒரு நாள் மதியம் பாடச் சொன்னேன். பாதிப் பாட்டில் பின்பெஞ்சு கானாக்காரர்கள் மேஜையில் தாளம் போட ஆரம்பித்தார்கள். தாளம் பொருந்தவே இல்லை. அவன் நிறுத்திவிட்டுத் திரும்பி, "ஐஸே நஹீ" (இப்படி இல்லை) என்று சொல்லிக் கையால் தட்டிக் காட்டினான். அவர்கள் மாற்றிப் போட்டார்கள். ஒரு மாதிரி சேர்ந்துவிட்டது. இப்போது மதியச் சாப்பாட்டு வேளையில் அந்தப் பாட்டின் முதல் வரி வகுப்பில் பாதிப்பேருக்குத் தெரியும், அர்த்தம் ஒருத்தருக்கும் தெரியாது. பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். "வடக்கன்" முழுசாகப் போய்விடவில்லை, புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளைக்கு அது இடம் மாறியிருக்கிறது.

பாட்டுக்கு நல்லது மட்டும்தான் செய்யத் தெரியும் என்றும் யாரும் நினைக்க வேண்டாம். ருவாண்டாவில் சிமோன் பிகிண்டி என்று ஒரு புகழ்பெற்ற பாடகர். 1994 இனப்படுகொலையின்போது அவர் பாட்டுகளை வானொலியில் திரும்பத் திரும்பப் போட்டு வெறி ஏற்றினார்கள். ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் போய்க் கொல்லத் தூண்டிப் பேசினதற்காக ருவாண்டாவுக்கான சர்வதேசக் குற்றத் தீர்ப்பாயம் 2008இல் அவருக்கு 15 வருஷம் கொடுத்தது. நம் ஊர்களில் திருவிழா நேரத்தில் சாதிப் பெருமைப் பாட்டை எந்தத் தெரு முனையில் சத்தமாக வைப்பது என்று கணக்குப் போட்டு வைக்கிறார்களே, அங்கேயும் பாட்டு நன்றாகவே வேலை செய்கிறது.

பதில்: சந்துரு, காசிமேடு

நான் கானா பாடுறவன். அதனால ரெண்டு வார்த்தை.

நித்யாக்கா, அந்த கேட்டுப் பார்சல் எனக்கும் பழக்கம்தான். எங்களுக்குக் கோபம் வருவது அதில்கூட இல்லை. கானா எங்கே இருந்து வந்தது? சாவு வீட்டில் விடிய விடிய உட்கார்ந்து பாடுவது. செத்தவர் என்ன வேலை பார்த்தார், யாரைக் கட்டினார், யாருக்குக் கடன் கொடுத்து ஏமாந்தார், எல்லாம் பாட்டில் வரும். அழுகிற வீட்டைச் சிரிக்கவும் வைக்கணும். கச்சேரிக்குக் கூப்பிடும்போது அதெல்லாம் வேணாம், "சினிமாவில் வர்ற மாதிரி ஜாலியா ரெண்டு" என்பார்கள். சினிமாவிலும் எங்கள் பாட்டு வரும்போது திரையில் ரவுடியோ குடிகாரனோதான் ஆடிக்கொண்டிருப்பான். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் உங்கள் சங்கத்துக்காரர்கள் எங்களைப் பார்க்கிறார்கள். அப்போ பாட்டு எதைக் குறைத்தது? கூட்டித்தானே விட்டது?

2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் கச்சேரி நடந்தது. இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசைக்காரர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கின குழு. 19 பேர், கானாவும் ராப்பும் ராக்கும் ஒன்றாக, எல்லாரும் சூட்டு போட்டுக்கொண்டு. இட ஒதுக்கீடு, மாட்டுக்கறி, அம்பேத்கர் என்று நேராகப் பாடினார்கள். அதில் இசைவாணி ஒரே பெண், ராயபுரத்துப் பொண்ணு, 2020இல் பிபிசி போட்ட நூறு பெண்கள் பட்டியலில் வந்தாங்க. கச்சேரியில் என்னை இழுத்தது பாட்டு வரிதான்னு ஆளுங்க சொல்வாங்க. எனக்கு அந்த சூட்டு. எங்க ஆளுங்க பேண்டு செட் யூனிஃபார்ம் போட்டுப் பார்த்திருக்கேன், தனக்காகக் கோட்டு போட்டு மைக் பிடிச்சு நின்னு பார்த்ததில்லை. அதைப் பார்த்தப்புறம் நான் ரேட்டு பேசும்போது குரல் மாறிடுச்சு. மேலே இருக்கிறவன் மனசு மாறுதோ இல்லையோ, பாடுறவன் மனசு மாறும். அதையும் கணக்கில் வைங்க.

கார்த்திக் அண்ணா, இசைக்கு சாதி இல்லைன்னு சொன்னீங்க. பண்ணைப்புரத்துக்காரர் பாட்டு போடாத வீடு தமிழ்நாட்டில் உண்டா? அந்த வீட்டு மாடி போர்ஷன் எனக்கு வாடகைக்குக் கிடைக்குமா, கேட்டுச் சொல்லுங்க.

பதில்: நித்யா, பெரம்பூர்

எல்லாருக்கும் நன்றி. தாத்தா, நீங்கள் சொன்ன மாதிரியே ஒரு பக்கத்துக்கு எழுதி சங்கக் கூட்டத்தில் வைக்கப்போகிறேன். சந்துரு, ரூமுக்கும் சாப்பாட்டுக்கும் அப்புறம் வேறு என்ன சேர்க்கணும் என்று சொல்லுங்கள். ஷர்மிளா டீச்சர், எங்கள் குடியிருப்பு வளாகத்திலும் ஒடிசா, பீகார் பிள்ளைகள் இருக்கிறார்கள், கட்டுமானத் தொழிலாளர்களின் பிள்ளைகள். மேல் மாடிப் பிள்ளைகளோடு அவர்களையும் சேர்த்து ஆண்டு விழாவில் ஒரு பாட்டு பாட வைத்தால் நன்றாக இருக்குமா?

பதில்: சந்துரு, காசிமேடு

மானிட்டர் ஸ்பீக்கர் வேணும்க்கா, அது இல்லைன்னா எங்க குரல் எங்களுக்கே கேக்காது. மீதிப் பணம் கடைசிப் பாட்டுக்கு முன்னாடி கையில் வரணும், ஆட்டம் முடிஞ்சப்புறம் பொருளாளரைத் தேட முடியாது. அறிமுகப்படுத்தும்போது பேர் சொல்லணும், "கானா பாய்ஸ்"னு சொல்லக் கூடாது. அப்புறம் ஒரே ஒரு மரண கானா பாட விடணும். பொங்கலுக்கு வேண்டாம், வேற நாளில் வைங்க.

பதில்: ட்ரம்பெட் தாத்தா, புளியந்தோப்பு

டீச்சரம்மா சொன்ன போர்ச்சுகல் கதை எனக்குப் புதிது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளைகள் சும்மா காது கொடுத்துக் கேட்டார்களா, சேர்ந்து பாடினார்களா? ஆறு மாதம் பாட்டு வகுப்பு என்றால் வாய் திறந்திருக்கும். அதைத்தான் நானும் சொன்னேன்.

நித்யாம்மா, ஆண்டு விழா யோசனையில் ஒரு எச்சரிக்கை. மேல் மாடிப் பிள்ளைகள் நடுவில் நின்று பாடுவது, கட்டுமானப் பிள்ளைகள் ஓரத்தில் நின்று அவர்கள் ஊர் உடையில் ஒரு வரி பாடிவிட்டுப் போவது என்று ஆக்கிவிடாதே. நம்ம ஊரில் அப்படித்தான் ஆகும், யாரும் வேணுமென்று செய்ய மாட்டார்கள். எல்லாரும் கை தட்டுவார்கள், போட்டோ எடுப்பார்கள், மறுநாள் லிஃப்டில் அந்தப் பிள்ளைகளை ஏற விட மாட்டார்கள்.

டீச்சர் சொன்ன பையன் பாட்டை நிறுத்திவிட்டு, தாளம் இப்படி இல்லை என்று திருத்தினானே, அந்த இடம்தான் எனக்குப் பிடித்தது. பாடினபோது அவன் விருந்தாளி. திருத்தினபோதுதான் மற்றவர்கள் அவன் கையைப் பார்த்தார்கள். அதனால் உங்கள் விழாவில் கட்டுமானப் பிள்ளை ஒருத்தனுக்குப் பாட்டு கொடுக்காதே, டிரம்ஸைக் கொடு. பாடுகிறவன் தவறினால் பாட்டு போகும், தாளக்காரன் விட்டால் எல்லாரும் விழுவார்கள். மேல் மாடிப் பிள்ளைகள் மூணு வாரம் ஒத்திகையில் அவன் முகத்தைப் பார்த்துத்தான் ஆரம்பிக்கணும், அவன் நிறுத்தினால் நிறுத்தணும். பெற்றோர் வந்து ஒத்திகை பார்ப்பார்கள், என் பையன் ஏன் பின்னால் நிற்கிறான் என்று கேட்பார்கள், அதற்கு நீதான் பதில் சொல்லணும். ஒத்திகை கிளப் ஹவுஸுக்கு உள்ளேதான், பார்க்கிங்கில் வேண்டாம்.

டிரம்ஸ் இல்லையென்றால் எங்கள் செட்டில் ஒரு பழைய சைடு டிரம் இருக்கிறது, தோல் மாற்றி வைத்திருக்கிறேன். வாடகை வேண்டாம். திருப்பிக் கொடுக்கும்போது குச்சி ரெண்டும் இருக்கணும்.